கட்டிலில் படுத்தால்தான் காப்புறுதியா?

ஆசிரியர் அவர்கட்கு,

இலங்கையின் அரசாங்க வைத்தியசாலைகளில் மருந்துத் தட்டுப்பாடு தலைவிரித்தாடிய 2022ஆம் ஆண்டிலிருந்து, இலவச மருத்துவத்தை விட்டுவிட்டு எல்லோருக்கும் காப்புறுதி கொடுத்தால் என்ன என்ற பேச்சு வெள்ளவத்தைப் பக்கத்தில் அடிக்கடி காதில் விழுகிறது. காப்புறுதி என்ற சொல்லுக்கு நாட்டுக்கு நாடு பொருள் வேறுபடுவதால், எந்தக் காப்புறுதி என்பதை முதலில் கேட்க வேண்டும்.

ஜேர்மனியில் 1883இல் சான்சலர் பிஸ்மார்க் தொடக்கிவைத்த முறையில், சம்பளத்தின் 14.6 வீதமும் அதற்கு மேல் ஒரு சிறு தொகையும் கட்டுப்பணமாகப் போகின்றன; தொழில் வழங்குநரும் தொழிலாளியும் அதைச் சரிபாதியாகச் செலுத்துகின்றனர். கட்டுப்பணத்தைப் பிடித்துக்கொள்ள அங்கே சம்பளப் பட்டியல் இருக்கிறது. புறக்கோட்டையில் மூட்டை சுமப்பவரிடமும் ஓட்டோ ஓட்டுபவரிடமும் எதிலிருந்து பிடிப்பது? அமெரிக்காவோ தேசிய உற்பத்தியில் ஏறத்தாழ 17 வீதத்தை மருத்துவத்துக்குச் செலவிட்டும் இரண்டரைக் கோடிக்கு மேற்பட்டோரைக் காப்புறுதியில்லாமல் வைத்திருக்கிறது. நம் நாட்டின் செலவு 4 வீதமளவில்தான் என்பதை, நம் வைத்தியசாலைகளைத் திட்டுவோர் (நானும் திட்டுபவன்தான்) மறந்துவிடக் கூடாது.

கட்டணங்கள் 1951இல் நீக்கப்பட்டதால், நம்மவர் எவரும் சத்திரசிகிச்சைக்காக அரசாங்க வைத்தியசாலைக்குப் பணம் கட்டத் தேவையில்லை. ஆயினும் நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் அரைவாசிக்குக் கிட்டிய பங்கு மக்களின் சட்டைப் பையிலிருந்தே போகிறது. அதில் பெரும்பகுதி சனல் பண்ணும் (தனியாரிடத்தில் வைத்திய நிபுணரைக் காணும்) கட்டணத்துக்கும், இரத்தப் பரிசோதனைக்கும், பாமசிக்கும் ஆகிறது. நான் ஆண்டுதோறும் கட்டிவரும் தனியார் காப்புறுதி, ஓர் இரவாவது வார்ட்டில் தங்கினால் மட்டுமே பணம் தரும். எனக்கிருப்பதோ நீரிழிவும் இரத்த அழுத்தமும். இதுவரை ஒரு நாளும் கட்டிலில் படுக்கவில்லை, ஆனால் மாதம் தவறாமல் மருந்து வாங்குகிறேன். அந்தப் பற்றுச்சீட்டுகளுக்கு ஒரு சதமும் திரும்பி வந்ததில்லை. இந்தியா 2018இல் தொடங்கிய, குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய் வழங்கும் திட்டமும் வைத்தியசாலையில் அனுமதிக்கப்படுவோருக்கானதே.

1961இல் அனைவரையும் காப்புறுதிக்குள் கொண்டுவந்த ஜப்பான் இந்தப் பிழையைச் செய்யவில்லை. அங்கே வெளிநோயாளரும் அடக்கம். பெரும்பாலானோர் செலவில் 30 வீதத்தைக் கட்டினாலும், மாதத்துக்கு இவ்வளவுக்கு மேல் கட்டத் தேவையில்லை என்ற உச்சவரம்பு உண்டு. நமக்கு இன்னும் நெருங்கியது தாய்லாந்து: 2002இல் அது கொண்டுவந்த 30 பாத் திட்டம் (ஒரு தடவை சிகிச்சைக்கு 30 பாத் மட்டும் என்று தொடங்கியதால் இந்தப் பெயர்) மாதக் கட்டுப்பணம் எதுவுமின்றி, வரிப்பணத்திலேயே நடந்து, அன்றாட மருந்தையும் உள்ளடக்குகிறது.

ஆகவே, வைத்தியசாலைகள் வரிப்பணத்திலேயே நடக்கட்டும். அரசாங்கம் புதிதாகச் செலவிட எண்ணும் தொகை எதுவாயினும், கிளினிக்கில் “வெளியில் வாங்குங்கள்” என்று எழுதிக் கொடுக்கப்படும் மருந்துத் துண்டுக்கும் பரிசோதனைக்கும் முதலில் போகட்டும். அதை நீரிழிவு, இருதய நோயாளரிலிருந்து தொடங்கலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணக்காளர் ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.