ரீடுக்கும் வரி, அது வந்த கூலிக்கும் வரி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெளிநாட்டு வாத்தியத்தை வரவழைத்துவிட்டுச் சுங்கவரி அதிகம் என்று புலம்புகிறவர்களைப் பார்த்து, "நாதஸ்வரமும் வீணையும் இருக்க, சீமைச் சரக்கு எதற்கு?" என்று சென்ற வாரம் இந்தப் பகுதியில் ஒரு வாசகர் கேட்டிருந்தார். என் அண்ணன் நாற்பது வருடமாக மதுரையில் கிளாரினெட் என்ற ஐரோப்பியக் குழல் வாசிக்கிறார். அதனால் இந்தக் கடிதம்.

கிளாரினெட்டைச் சீமைச் சரக்கு என்பதே எனக்கு உடன்பாடில்லை. பரதநாட்டியத்தின் முந்தைய வடிவமான சதிர்க் கச்சேரிக்குப் பின்னால் நின்று வாசித்த வாத்தியம் அது. ஏ.கே.சி. நடராஜன் அதில் செய்த ராக ஆலாபனையைக் கேட்டவர்கள் எந்த நாட்டு வாத்தியம் என்று விசாரித்திருக்க மாட்டார்கள். பாலுசுவாமி தீட்சிதரும் தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலுவும் சீமையிலிருந்து வந்த வயலினை நம் இசைக்கு எடுத்தபோது இந்த வாசகர் பக்கத்தில் இருந்திருந்தால் நமக்கு வயலினும் கிடைத்திருக்காது.

சரி, வரிக்கு வருகிறேன். கையால் செய்த நாதஸ்வரம், தவில், மிருதங்கம், வீணை போன்ற நம் கருவிகளுக்கு ஜிஎஸ்டி கிடையாது. மிகவும் நியாயம். மீரட்டில் பேண்டு வாத்தியங்கள் தயாராகின்றன. அண்ணனின் முதல் கிளாரினெட்டே அங்கிருந்து வந்ததுதான். அந்தப் பட்டறைகளைக் காப்பாற்றத்தான் முழுக் கருவியின் மேல் சுங்கவரி என்றால் அதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ரீடுக்கு?

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நாதஸ்வரத்துக்கு வாயில் வைத்து ஊதும் சீவாளி எப்படியோ, கிளாரினெட்டுக்கு நாணலைச் சீவிச் செய்த ரீடு அப்படி. நல்ல சீவாளிக்குத் திருவாவடுதுறை என்பார்கள். நல்ல ரீடுக்குத் தெற்கு பிரான்சில் வார் என்ற வட்டாரம். அங்கே விளைகிற நாணலுக்குத்தான் அந்த நாதம். அண்ணன் ஒரு காலத்தில் வைகைக் கரையில் நாணல் வெட்டி வந்து, நிழலில் உலர்த்தி, பிளேடால் சீவிப் பார்த்தார். வீட்டில் இருந்தவர்கள் காதைப் பொத்திக்கொண்டதுதான் மிச்சம். கடையில் மலிவாகக் கிடைத்தவையும் சீனத்துச் சரக்கே. முகூர்த்த மாதங்களில் ஒரு ரீடு சில வாரங்கள்கூடத் தாங்காது. தேய்ந்ததை ஊதினால் கீச்சென்று கத்தும், கல்யாண வீட்டில் மானம் போகும்.

2023-இல் ஓர் ஊதுமுனையும் நான்கு பெட்டி ரீடும் ஐரோப்பியக் கடை ஒன்றிலிருந்து வரவழைத்தேன். சரக்கு 10,000 ரூபாய், அனுப்பும் கூலி 2,500. வரியை 10,000-க்குத்தான் போடுவார்கள் என்று நினைத்திருந்தேன். முப்பது வருடம் தபால் துறையில் இருந்தவன், எனக்கே தெரியவில்லை. கூலியையும் சேர்த்து 12,500-க்குப் போட்டார்கள். அடிப்படைச் சுங்கவரி 10 சதவீதம், அந்த வரியின் மேல் 10 சதவீதம் சமூக நலக் கூடுதல் கட்டணம், இந்த இரண்டையும் 12,500-உடன் கூட்டி அதன் மேல் 28 சதவீத ஐஜிஎஸ்டி, அதாவது இறக்குமதிக்குப் போடும் ஜிஎஸ்டி. மொத்தம் 5,260 ரூபாய். "முன்பணமாக நாங்கள் கட்டியதற்கு" என்று கூரியர் நிறுவனம் தனியாக ஒரு கட்டணம் போட்டு, அதற்கும் ஜிஎஸ்டி வாங்கிக்கொண்டது.

தூத்துக்குடியில் சுங்க முகவரிடம் வேலை பார்க்கும் என் மருமகன் ரசீதைப் பார்த்துவிட்டு, "மாமா, இதை இசைக்கருவி உதிரிபாகமாகக் காட்டவில்லை, தனிநபர் உபயோகப் பொருளாகக் காட்டியிருக்கிறார்கள்" என்றார். சுங்கப் பட்டியலில் இசைக்கருவி என்ற தலைப்பில் போயிருந்தால் ஐஜிஎஸ்டி 18 சதவீதம்தான்; வரி 3,872 ரூபாய் 50 காசில் முடிந்திருக்கும். தலைப்பு மாறியதற்கு நான் கொடுத்த விலை 1,387 ரூபாய் 50 காசு. கூரியர் அலுவலகத்தில் கேட்டேன். "சரக்கு வெளியே வந்துவிட்டது, இனி ஒன்றும் செய்ய முடியாது" என்றார்கள்.

தனிநபர் பொருளுக்கான அந்த 28 சதவீதத்தை 2025 செப்டம்பரில் 18 ஆக்கினார்கள். சந்தோஷம். ஆனால் அடிப்படை வரி பற்றிய என் கேள்வி அப்படியேதான் நிற்கிறது. உள்நாட்டில் செய்கிறவன் பிழைக்கத்தானே அந்த வரி? பிரெஞ்சு நாணலுக்கு இங்கே போட்டியாக யார் இருக்கிறார்கள்? வயலினுக்கு வியன்னாவிலிருந்து வரும் தந்திகளுக்கும் இதே கேள்விதான். கிளாரினெட் மேல் வேண்டுமானால் வரியை வைத்துக்கொள்ளட்டும்; தேய்ந்து போகிற ரீடு, தந்தி இவற்றின் மேலிருந்து அடிப்படைச் சுங்கவரியை எடுத்துவிடலாம். இதனால் கஜானா காலியாகிவிடாது.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளையை விட்டு அன்பளிப்பாக, வரியில்லாமல் அனுப்பச் சொல்லலாமே என்று சிலர் யோசனை சொல்கிறார்கள். அந்த வழியை 2019 டிசம்பரிலேயே அடைத்துவிட்டார்கள். ராக்கிக்கும் உயிர்காக்கும் மருந்துக்கும் மட்டும் விலக்கு உண்டு. தங்கை அண்ணனுக்கு அனுப்பும் கயிற்றுக்கு வரியில்லை. தம்பி அண்ணனுக்கு வாங்கும் ரீடுக்கு உண்டு!

இன்னொன்றும் கேட்கிறேன். எந்தப் பொருளை எந்தத் தலைப்பில் அறிவிக்க வேண்டும், கூலியையும் சேர்த்து வரி எவ்வளவு வரும் என்பதைத் தமிழில் ஒரு பக்கத்தில் அச்சடித்துத் தலைமைத் தபால் நிலையங்களில் ஒட்டிவைத்தால் என்ன? மணியார்டர் கமிஷனை நாங்கள் அப்படித்தான் ஒட்டிவைத்திருந்தோம்.

அண்ணனிடம் இப்போது ஏழு ரீடு பாக்கி இருக்கிறது. நல்ல நான்கை முகூர்த்தத்துக்கு என்று எடுத்துவைத்துவிட்டு, நுனி உடைந்ததை வைத்து வீட்டில் சாதகம் செய்கிறார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தபால் ஊழியர்,
செல்லூர், மதுரை.