வின்னிபெக்கில் கேட்ட காலை இசை

வின்னிபெக், கனடா
18 ஜனவரி 2026

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் மூவரும் நலம். அங்கே நீயும் அத்தானும் பிள்ளைகளும் நலமாக இருக்க உலகம்மையை வேண்டிக்கொள்கிறேன்.

சென்ற மாதம் தொலைபேசியில் நான் பேசியது எதுவும் உனக்குக் கேட்கவில்லை என்றும், காதில் வைக்கும் மெஷின் வெறும் இரைச்சலைத்தான் கொடுக்கிறது என்றும், இனிமேல் உனக்குச் சொல்ல வேண்டியதைத் தன்னிடம் சொன்னால் போதும் என்றும் அத்தான் சொன்னார். அவர் அன்பாகத்தான் சொன்னார். ஆனாலும் உன்னோடு பேச வேண்டியதை இன்னொருவர் வழியாகச் சொல்லி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. அதனால்தான் முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு தாளும் பேனாவும் எடுத்து உட்கார்ந்திருக்கிறேன். கையெழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

இந்த ஊரைப் பற்றி நீ கேட்டிருந்தாய். நாங்கள் வந்து மூன்று குளிர்காலங்கள் முடிந்து, இது நான்காவது. இன்று காலை வெப்பம் உறைநிலைக்குக் கீழே 31 டிகிரி. கார் எஞ்சின் உறைந்துபோகாமல் இருக்க, இரவில் அதற்கு மின்சாரம் கொடுத்துச் சூடாக வைக்க வேண்டும். ஒவ்வொரு காரின் முன்புறத்திலிருந்தும் ஒரு மின்கம்பி தொங்கிக்கொண்டிருக்கும். தபால்காரர் வீட்டுக்கு வருவதில்லை. தெருமுனையில் ஓர் இரும்புப் பெட்டியில் வீட்டுக்கு ஓர் அறை வைத்திருக்கிறார்கள். நாம்தான் சாவியோடு போய்த் திறந்து எடுத்துக்கொள்ள வேண்டும். நீ பதில் எழுதினால் அது அந்த அறைக்குள்தான் வந்து கிடக்கும் என்பதால், இப்போதே அதைத் தினமும் திறந்து பார்க்கத் தொடங்கிவிட்டேன்.

குளிரைக்கூடப் பழகிக்கொண்டேன் அக்கா, பழக முடியாமல் இருப்பது இந்த ஊரின் அமைதி. சன்னல்களுக்கு இரட்டைக் கண்ணாடி. ஐந்து மாதங்களுக்கு அவற்றைத் திறப்பதே இல்லை. வீட்டுக்கு அடியில் இருக்கும் சூடேற்றும் இயந்திரத்தின் உறுமலைத் தவிர வேறு ஓசை கிடையாது. வெளியே நடந்தால் காலடியில் பனி நறநறக்கும், அவ்வளவுதான். பக்கத்து வீட்டில் மூன்று பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பதே பனி உருகி அவர்கள் முற்றத்துக்கு வந்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. முதல் குளிர்காலத்தில் இந்த அமைதிக்குள் உட்கார்ந்திருந்தபோதுதான், விக்கிரமசிங்கபுரத்தில் நாம் கடிகாரத்தைப் பார்த்து வாழவே இல்லை, காதால்தான் நேரம் பார்த்தோம் என்பது எனக்கு உறைத்தது.

மில் சங்கு ஊதினால் அம்மா அடுப்பைப் பற்ற வைப்பாள். இரண்டாம் சங்குக்குள் அப்பா சைக்கிளை வாசலில் இறக்கியிருக்க வேண்டும். அவருக்கு இரவு ஷிப்ட் என்றால், பகல் முழுவதும் நாம் ரேடியோவின் ஒலியைக் குறைத்து, பெட்டியில் காதை ஒட்டவைத்துக் கேட்போம். 1983-இல் உனக்கு 19 வயது, எனக்கு 10. அந்த ஆண்டுதான் என் நினைவில் மிகத் தெளிவாக இருக்கிறது.

அந்த வால்வு ரேடியோவைப் போட்டதும் பாடிவிடாது. திருகியதும் உள்ளே 'டொக்' என்று ஒரு சத்தம் வரும். கண்ணாடிக்குப் பின்னால் மஞ்சள் விளக்கு எரியும். வால்வுகள் சூடேறும் வரை ஒரு முனகல் மட்டும் கேட்கும். பிறகு எங்கோ தொலைவிலிருந்து நடந்து வருவது போலக் குரல் மெல்ல மெல்ல வந்து சேரும். சூடான தூசியின் வாசனையும் கூடவே வரும். முள்ளை நகர்த்தும் நூல் அறுந்துபோனபோது, நீ தைக்கும் நூலை மெழுகில் தோய்த்துக் கட்டினாய். அதன் பிறகு முள் திருச்சியைக் காட்டும்போது திருநெல்வேலி பேசும். மாடத்தில் இருந்த லைசென்ஸ் புத்தகத்துக்கு ஆண்டுதோறும் தபால் ஆபீசில் பணம் கட்டி முத்திரை வாங்கி வருவதும் உன் வேலையாகத்தான் இருந்தது. மின்சாரம் போனால் டிரான்சிஸ்டர். அதன் பேட்டரிக் கட்டைகள் தீர்ந்துபோனால், புதிது வாங்க அப்பாவுக்குச் சம்பளம் வரும் வரை, திண்ணையில் வெயிலில் காயவைத்து மறுபடியும் போடுவோம். வெயில் பட்ட கட்டைகள் எப்படியோ இன்னும் அரை மணி நேரம் பாடும்.

காலை 7.15-க்கு டெல்லிச் செய்தி. சரோஜ் நாராயணஸ்வாமியின் குரல் தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரே நேரத்தில் வரும் என்பதால், பள்ளிக்கூடத்துக்கு நடந்துபோகும்போது ஒரு சொல்லைக்கூடத் தவறவிடாமல் முழுச் செய்தியையும் கேட்டுவிடலாம். மாலையில் வயலும் வாழ்வும். ஆனால் உன் மனம் இலங்கை வானொலியில்தான் இருந்தது. பொங்கும் பூம்புனலுக்காக நீ காலை வேலைகளை முன்னும் பின்னும் மாற்றி வைத்தாய். பாட்டுக்குப் பாட்டில் அப்துல் ஹமீது எழுத்தைச் சொல்லி முடிப்பதற்குள், அம்மியில் இருந்த கையை எடுக்காமலே நீ பாடத் தொடங்கிவிடுவாய். அன்று நீ பாடிய வேகத்தில் இன்றுவரை யாரும் பாடி நான் கேட்டதில்லை. கண்ணாடியில் முகம் தெரிவது போல அவ்வளவு தெளிவாக இருந்த அந்தக் குரல்கள், அதே ஆண்டு ஜூலையில் கொழும்பில் கலவரம் வெடித்த பிறகு நமக்கு வேறு மாதிரிக் கேட்கத் தொடங்கின. அந்த நாட்களில் நீ பாடாமல் வெறுமனே கேட்டுக்கொண்டிருந்தது எனக்கு நினைவிருக்கிறது.

தொலைக்காட்சி வந்தது, ஞாயிற்றுக்கிழமை காலையில் ராமாயணம் வந்தது. அதற்குள் உனக்குத் திருமணமாகிவிட்டது.

இங்கே வந்த புதிதில், இந்த நாட்டு வானொலி நாள்தோறும் நேரம் அறிவித்ததைக் கேட்டு நான் அதிர்ந்துபோனேன். நம் வானொலியில் மணிக்கு முன்னால் வரும் அதே போன்ற சின்னச் சின்ன ஒலிகள். பிறகு பத்து நொடி மௌனம். அதன்பின் ஒரு நீண்ட ஒலி. அது தொடங்கும் கணம் எங்கள் ஊரில் சரியாகப் பகல் 12 மணி. 1939-இலிருந்து ஒலித்துவந்ததை 2023 அக்டோபரில் நிறுத்திவிட்டார்கள். என்னிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நிறுத்த வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன்.

இந்தக் கடிதத்தை உடனே எழுத வைத்த செய்தி இனிமேல்தான் வருகிறது. காலையில் நிலையம் தொடங்குவதற்கு முன், தம்புராவின் ரீங்காரத்தின் மேல் ஒரு வயலின் ஏறி இறங்கும் அல்லவா? அப்பா பல் துலக்கிக்கொண்டே அதைச் சீழ்க்கையடிப்பாரே, அந்த இசை. அதை அமைத்தவர் யார் என்று நாம் ஒருநாளும் யோசித்ததில்லை. போன வாரம் இங்குள்ள நூலகத்தில் இந்த ஊர் இசைக்குழுவின் வரலாற்றைப் புரட்டியபோது அவர் பெயரைப் பார்த்தேன். வால்டர் காஃப்மன். இன்றைய செக் நாட்டில் பிறந்த யூதர். ஹிட்லரின் ஆட்சிக்கு அஞ்சி 1934-இல் பம்பாய்க்கு வந்து சேர்ந்தார். அங்கே வானொலி நிலையத்தில் மேலை இசைப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தார். நம் காலை இசையை அமைத்தவர் அவர்தான். பிறகு 1948-இல் இந்த வின்னிபெக்குக்கு வந்து, ஏறத்தாழ பத்து ஆண்டுகள் இந்த ஊர் இசைக்குழுவை நடத்தியிருக்கிறார். இதே தெருக்களில், இதே பனியில் நடந்திருக்கிறார் அக்கா. அமெரிக்காவில் 1984-இல் காலமானார்; நாம் அந்தப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்த காலத்தில் அவர் உயிரோடுதான் இருந்திருக்கிறார். படித்துவிட்டு, நூலகத்தில் எழுந்து நிற்கக்கூட முடியாமல் சிறிது நேரம் அப்படியே இருந்தேன்.

இப்போது நம் வானொலியைக் கைபேசியிலேயே கேட்கலாம். அங்கே காலை ஆறு மணி என்றால் இங்கே முந்தைய நாள் மாலை ஆறரை. ஜனவரியில் அதற்குள் நன்றாக இருட்டிவிடும். வேலையிலிருந்து வந்ததும் சமையலறையில் திருநெல்வேலி நிலையத்தைப் போட்டுவிட்டு அந்த இசைக்காகக் காத்திருக்கிறேன். உனக்குக் கேட்க வேண்டிய இசை அது. நான் மட்டும் கேட்டுக்கொண்டிருப்பது உறுத்தலாக இருக்கிறது.

அந்த உறுத்தலோடு பழைய உறுத்தல் ஒன்றும் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். நேயர் விருப்பத்துக்கு நீ 15 காசு அஞ்சலட்டைகளை எழுதிக்கொண்டே இருந்தாய். ஒவ்வொரு அட்டையிலும் அப்பா, அம்மா, என் பெயர், கடைசியில் உன் பெயர். ஒரு மாலை, நீ தெருக்குழாயில் தண்ணீருக்கு நின்றுகொண்டிருந்தபோது, கணக்குப் போட்டுக்கொண்டிருந்த என் காதில் 'விக்கிரமசிங்கபுரத்திலிருந்து' என்று விழுந்தது. அடுத்தடுத்து நம் நான்கு பெயர்களும். உன் பெயரைச் சொல்லும்போது அந்த அறிவிப்பாளர் கடைசி எழுத்தைச் சற்று நீட்டிச் சொன்னார். நான் பேனாவைப் போட்டுவிட்டு ஓடி வந்தேன். நீயும் குடத்தை வரிசையிலேயே விட்டுவிட்டு ஓடி வந்தாய். நாம் வாசலைத் தாண்டியபோது பாட்டு முடிந்து அடுத்த பெயர்கள் போய்க்கொண்டிருந்தன.

என்ன பாட்டு என்று கேட்டாய். எனக்குத் தெரியாது. பெயர்களைக் கேட்டதும் ஓடிவிட்டேனே. உன் முகத்தைப் பார்த்துவிட்டு, அந்த வாரம் முழுக்க நீ முணுமுணுத்துக்கொண்டிருந்த பாட்டின் முதல் வரியைச் சொன்னேன். நீ உன் பாட்டு நோட்டில் அந்தப் பக்கத்தைத் தேடி எடுத்து, ஓரத்தில் சிவப்பு மையால் ஒரு நட்சத்திரம் போட்டாய். மாமியார் வீட்டுக்குப் போகும்போது அந்த நோட்டையும் பெட்டியில் வைத்ததைப் பார்த்தேன். அன்றும் சொல்லவில்லை.

பொய் சொன்னதற்கு மன்னித்துக்கொள். உன் பெயரை அவர் சொன்னது மட்டும் முழு உண்மை. அந்த அட்டையில் நீ எந்தப் பாட்டைக் கேட்டிருந்தாய் என்று நினைவிருந்தால் எனக்கு எழுது. நோட்டு இன்னும் இருக்கிறதா என்பதையும் எழுது.

இப்படிக்கு,
உன் அன்புத் தம்பி