குளக்கரையில் ஒரு பாடவேளை கேட்டு

மதிப்பிற்குரிய கல்வி அலுவலர் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். 'விலங்குகளும் வாழிடமும்' என்ற தலைப்பில் போன வெள்ளிக்கிழமை நடந்த ஓவியப் போட்டியின் பரிசளிப்பு மேடையில் தாங்கள் இருந்தீர்கள். எங்கள் பள்ளி ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் படம் முதல் சுற்றிலேயே ஒதுக்கப்பட்ட செய்தி தங்கள் காதுக்கு வந்திருக்கும். அந்தப் படத்தைப் பற்றிச் சொல்லத்தான் இந்த மடல். கூடவே, இந்தக் கல்வியாண்டில் மூன்று முறை எழுத்தில் கேட்டுப் பதில் வராத ஒன்றை மறுபடியும் கேட்கிறேன்: வாரத்தில் ஒரே ஒரு ஓவியப் பாடவேளையைப் பள்ளிக்குப் பின்னால் இருக்கும் குளக்கரையில் நடத்த அனுமதி கொடுங்கள்.

அவள் வரைந்தது மடையான். வயல் வரப்பிலும் குளத்து ஓரத்திலும் கூனிக்கொண்டு நிற்குமே, அந்தக் குருட்டுக் கொக்கு. முழுக்கப் பென்சில். கோரைப் புல், சேறு, தண்ணீரில் விழுந்த கோரையின் நிழல், இவற்றுக்கு நடுவே கழுத்தை உள்ளிழுத்துக்கொண்டு பறவை. கழுத்தின் கோடுகளைக் கோரை போகும் போக்கிலேயே போட்டிருந்தாள். முதுகுக்குச் சேற்றின் அதே அழுத்தம். படத்தைக் கையில் எடுத்த நடுவர் இரண்டு குறை சொன்னார். வண்ணம் இல்லை. கொக்கு எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் கேட்டாள்: "சார், அது தெரியாமத்தான நிக்கும்?"

மடையான் பிழைப்பதே அப்படித்தான் ஐயா. அசையாமல் நிற்கும்வரை அது சேறோடு சேறு. மீனும் தவளையும் கிட்ட வரும். பறக்கும்போதுதான் வெள்ளைச் சிறகு விரிந்து, இவ்வளவு நேரம் இங்கேயா இருந்தது என்று நாம் திடுக்கிடுவோம். வாழிடம் என்ற தலைப்புக்குப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை இதைவிடச் சரியாக என்ன வரைய முடியும்? முதல் பரிசு பெற்ற படத்தில் சிங்கமும் புலியும் ஒட்டகச்சிவிங்கியும் ஒரே அருவியில் தண்ணீர் குடித்தன. அதை வரைந்த பையன்மேல் எனக்கு வருத்தமில்லை, நல்ல கை அவனுக்கு. ஆனால் இந்தியாவில் சிங்கம் காட்டில் வாழ்வது குஜராத்தின் கிர் பகுதியில்தான், ஒட்டகச்சிவிங்கி ஆப்பிரிக்காவின் விலங்கு என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. நம் மாநில விலங்கு வரையாடு. அன்று சுவரில் ஒட்டியிருந்த படங்களில் ஒரு வரையாடுகூட என் கண்ணில் படவில்லை. கைப்பேசியில் வந்த படத்தைப் பார்த்துத்தான் எல்லாப் பிள்ளைகளும் வரைகிறார்கள். அதனால் பத்துப் பள்ளியிலிருந்து வந்தாலும் புலி ஒரே புலிதான்.

நான் குளக்கரையைக் கேட்பது இதனால்தான். இரண்டு வருடம் முன்பு, அப்போதிருந்த தலைமையாசிரியர் வாய்ச்சொல்லாகச் சரி என்றதால், ஒரு பருவம் முழுக்கப் பிள்ளைகளைக் கூட்டிப்போனேன். முதல் பத்து நிமிடம் பென்சிலைத் தொடக் கூடாது, பார்ப்பது மட்டும்தான். பிறகு, ஒரு பக்கம் அச்சான பழைய தாளின் பின்பக்கத்தில் வரையலாம். ஒரு பையன் நத்தைகுத்தி நாரையை எடுத்துக்கொண்டான். மேலலகும் கீழலகும் ஒட்டினாற்போல் போட்டான், நிமிர்ந்து பார்த்தான், அழித்தான். "மூக்கு மூட மாட்டேங்குது சார். பாக்குவெட்டி மாதிரி நடுவுல சந்து இருக்கு" என்றான். எதற்கு அந்தச் சந்து என்று கேட்டுவிட்டு நான் சும்மா இருந்துவிட்டேன். அடுத்த வாரம் அவனே கரையில் கிடந்த நத்தைக் கூடுகளைப் பொறுக்கிக்கொண்டு வந்தான். பல கூடுகள் உடையவே இல்லை, சதை மட்டும் போயிருந்தது. அலகு நுனியை உள்ளே விட்டு இழுத்திருக்கிறது என்று அவனாகவே சொன்னான். மாசியில் கருவேல மரத்துக் குஞ்சுகள் பெரிதானபோது அவற்றையும் வரைந்தான். குஞ்சின் அலகில் சந்து இல்லை. இது வேறு பறவை என்று என்னோடு சண்டைக்கு வந்தான். வளர வளரத்தான் அந்தச் சந்து விழுகிறது என்பது அன்றுவரை எனக்கே தெரியாது. நூலகத்தில் தேடிப் படித்த பிறகுதான் அவனுக்குப் பதில் சொன்னேன்.

அறிவியல் புத்தகத்தில் தகவமைப்பு என்று ஒரு பாடம் இருக்கிறது. தாமரை இலைக்கோழியின் நீண்ட விரல்களை வரைந்தவனுக்கு, அது ஏன் இலைமேல் அமிழாமல் நடக்கிறது என்று மனப்பாடம் செய்ய வேண்டியிருக்கவில்லை. பாம்புத்தாரா சிறகை விரித்துக் காயவைப்பதை வரைந்தவள், அதன் இறகில் தண்ணீர் ஊறும் என்று தானே சொன்னாள். வண்ணம் கையில் இருந்தால் பிள்ளைகள் முதலில் நிறத்தை நிரப்பிவிடுகிறார்கள். பென்சில் மட்டும் இருக்கும்போது கால் எங்கே மடிகிறது, அலகு தலையைவிட எத்தனை மடங்கு நீளம் என்று பார்த்தாக வேண்டியிருக்கிறது.

தலைமையாசிரியர் மாறினார். எழுத்தில் அனுமதி வேண்டும் என்றார்கள். ஜூனில் எழுதினேன், அக்டோபரில் எழுதினேன், நவம்பரில் எழுதினேன். முடியாது என்றுகூட ஒரு வரி வரவில்லை. இதற்கிடையே இருக்கிற ஓவியப் பாடவேளையும் கணக்குச் சிறப்பு வகுப்புக்குப் போய்விட்டது. 2012இல் 5,000 ரூபாய் தொகுப்பூதியத்தில், வாரம் மூன்று அரை நாள் வேலைக்குச் சேர்ந்த பகுதிநேர ஆசிரியன் நான். எந்தப் பாடத்துக்கு நேரம் போதவில்லை என்றாலும் முதலில் கை வைப்பது ஓவியத்திலும் விளையாட்டிலும்தான். 'மாணவரிடையே இயற்கை ஆர்வத்தை வளர்க்கவும்' என்று சுற்றறிக்கை மட்டும் தவறாமல் வருகிறது. வளர்க்கத்தானே ஐயா கேட்கிறேன்? மன்னிக்க வேண்டும். ஊதியமும் பணிநிலையும் இந்த மடலின் விஷயம் இல்லை. கேட்பது குளக்கரையில் வாரம் ஒரு பாடவேளை.

பிள்ளைகளின் பாதுகாப்பு என்று தாங்கள் தயங்கினால் அது நியாயம். குளத்தில் மூழ்கிய பிள்ளைகளின் செய்தி இல்லாமல் ஒரு கோடையும் போவதில்லை. அதனால்தான் கரையின் மேல்தளத்தோடு சரி, தண்ணீர்ப் பக்கம் யாரும் இறங்குவதில்லை என்று விண்ணப்பத்திலேயே எழுதியிருக்கிறேன். ஒரு தடவைக்கு இருபது பிள்ளைகள். பள்ளி மேலாண்மைக் குழுவிலிருந்து இரண்டு தாய்மார் கூட வரச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.

வேடந்தாங்கல் 2022இல் ராம்சார் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்தபோது எல்லாரும் பெருமைப்பட்டோம். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் பாய்ந்தால் நெல் நன்றாக விளைகிறது என்று கண்ணால் பார்த்துத் தெரிந்துகொண்ட அந்த ஊர்க்காரர்கள், பறவைகளை யாரும் சுடக் கூடாதென்று 18ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே செங்கல்பட்டு ஆட்சியரிடம் போய் எழுதி வாங்கினார்கள். ஆட்சியரும் எழுதிக் கொடுத்தார். நானும் கையெழுத்திட்ட ஒரு தாள்தான் கேட்கிறேன்.

இப்போது தை. நத்தைகுத்திகள் கூட்டில் இருக்கின்றன. பங்குனி பிறந்தால் எங்கள் குளத்தில் தண்ணீர் கணுக்காலுக்கு வந்துவிடும், பறவைகளும் போய்விடும். அதற்குள் பதில் வந்தால் இந்த வருடப் பிள்ளைகளுக்கு ஐந்தாறு வகுப்பாவது கிடைக்கும். தயவுசெய்து வாரம் ஒரு பாடவேளைக்கு அனுமதி கொடுங்கள் ஐயா.

மாணவியின் படத்தின் நகலை இணைத்திருக்கிறேன். மடையான் இடமிருந்து மூன்றாவது கோரைப் புதரை ஒட்டி நிற்கிறது.

தங்கள் உண்மையுள்ள,
ஓவிய ஆசிரியர் (பகுதிநேரம்)