விறகுக்குப் போகாமல் பலகையான வேம்புக்காக

தொண்டிக்குத் தெற்கே கடலோரம் குடியிருக்கும் எங்கள் ஊராருக்கு வணக்கம்.

கார்த்திகை மழையில் மண் இளகி, வாடைக்காற்றில் எங்கள் கொல்லை வேம்பு வேரோடு சாய்ந்தபோது, முதலில் வந்தவர் விறகு விலை பேசத்தான் வந்தார். அடிமரத்தின் வைரத்தைப் பார்த்துவிட்டு, நிலைக்கும் கதவுக்கும் ஆகும் மரத்தை அடுப்புக்குக் கொடுக்காதீர்கள் என்று தடுத்த படகுத் தச்சர் ஐயாவுக்கு என் முதல் நன்றி.

மணலில் லாரி புதையும் என்பதால் அறுவை மில்லுக்கு மரத்தைக் கொண்டுபோக வழியில்லை. வத்தை எனும் மீன்பிடிப் படகைக் கரையேற்றும் உருளைக் கட்டைகளையும் வடத்தையும் எடுத்து வந்து, ஒன்பது அடித் துண்டைக் கட்டைமேல் ஏற்றி வைத்த மீனவத் தம்பிகள் தேநீருக்குமேல் எதையும் வாங்கிக்கொள்ளவில்லை.

செயின்சா கொண்டுவந்த அண்ணனுக்கு நான் பட்ட கடன் பெரிது. பட்டைக்குள் புகுந்த கடற்கரை மணல் சங்கிலிப் பல்லைத் தின்றுவிடும் என்று பட்டையை முழுவதும் உரித்த பிறகே அவர் இயந்திரத்தை முடுக்கினார். குறுக்கே அறுக்கும் சங்கிலியில் பல்லின் சாய்வு வழக்கமாக 30 பாகையளவில் இருக்கும். நெடுக அறுப்பதற்கு அதை ஏறக்குறைய 10 பாகைக்குத் தீட்டிக்கொள்ள வேண்டும் என்பதை அன்றுதான் அறிந்தேன். முதல் அறுப்பு நேராக விழுந்தால்தான் அடுத்தவையும் நேராக விழும் என்பதால், பந்தல்காரரின் அலுமினிய ஏணியை மரத்தின்மேல் திருகி, அதையே தண்டவாளமாக்கி அறுத்தார். மூன்றாவது பலகையில் பொறி பறந்தது. கொடிக்கயிறு கட்ட என் தாத்தா அடித்த ஆணியாம். அதைச் சொல்லாமல் விட்டது என் பிழை. ஒரு வார்த்தை கடிந்துகொள்ளாமல், அரத்தை எடுத்து ஒவ்வொரு பல்லாக அவர் தீட்டி முடிக்க அரைமணி நேரம் ஆயிற்று. அறுப்பு வாயில் ஆப்பு இறக்கிக்கொண்டே நின்ற பக்கத்து வீட்டுத் தம்பியையும் மறக்கவில்லை. அவர் இல்லையேல் மரம் வாளைக் கவ்வியிருக்கும்.

ஒவ்வோர் அறுப்பும் சுமார் 8 மில்லிமீட்டர் மரத்தைத் தூளாக்கிவிடுகிறது என்பது மனத்தை உறுத்தியது உண்மைதான். ஆயினும் இரண்டு அங்குலக் கனத்தில் ஆறு பலகைகள் தேறின. தச்சர் ஐயா சொன்னபடி முனைகளில் பெயின்ட் பூசி, இடையிடையே ரீப்பர் எனும் மெல்லிய மரச்சட்டங்களை வைத்துத் தாழ்வாரத்தில் அடுக்கியிருக்கிறேன். அங்குலத்துக்கு ஓர் ஆண்டு காய வேண்டுமாம். எனவே கதவு மாட்ட இரண்டு ஆண்டுகள் ஆகும்.

ஏணியில் இரண்டு திருகுத் துளைகள் விழுந்துவிட்டன. பந்தல்காரர் பொறுத்தருள வேண்டும். நாளைக் காலை நானே கொண்டுவந்து தருகிறேன்.