துவரம்பருப்பு டப்பாவில் இருந்த பட்டியல்

தென்னாப்பிரிக்கத் தேசிய சுகாதாரத் துறையின் உணவுக் கட்டுப்பாட்டுப் பிரிவு அதிகாரிகளுக்கு,

வணக்கம். இதன் ஆங்கிலப் படி உங்களுக்குத் தபாலில் வருகிறது. தமிழிலும் எழுதக் காரணம், டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் என் வயதுக்காரிகளும் படிக்கட்டும் என்றுதான்.

என் மகளுக்குப் பேறுகால விடுப்பு நான்கு மாதம். அது முடிந்து வேலைக்குப் போனதும் பேத்திக்குப் பகலில் புட்டிப்பால். ஐந்தாம் மாதம் பிள்ளைக்கு மலம் இறுகிப்போய், முக்கி முக்கி அழுதாள். குழந்தைப் பால்பவுடரில் புது டப்பா திறந்த வாரம் அது. அதே பெயர், அதே எடை. மூடியின் நிறம் மட்டும் வேறு.

அடுப்படியில் அதே பால்பவுடரின் பழைய டப்பா ஒன்றில் துவரம்பருப்பு போட்டு வைத்திருந்தேன். இரண்டையும் ஜன்னலோரம் வைத்து, கைப்பேசியில் படமெடுத்துப் பெரிதாக்கிப் படித்தோம். எறும்பு ஊர்கிற மாதிரி எழுத்து. சேர்மானப் பட்டியலில் எது அதிகமோ அதுதான் முன்னால் வரும். பழையதில் பின்னால் கிடந்த பாமாயில் புதியதில் ஓரிடம் முன்னேறியிருந்தது. பாமாயிலின் பால்மிடிக் அமிலம் குடலில் கால்சியத்தோடு சேர்ந்து சோப்புபோல் கட்டி மலத்தை இறுக்கும் என்பது குழந்தை மருத்துவர்கள் அறிந்த சங்கதி. என் பேத்தி அழுததற்கு அதுதான் காரணம் என்று நான் சாதிக்க வரவில்லை. பால் மாறியதா என்று பார்க்க எனக்கு இருந்த ஒரே ஆவணம் அந்தப் பருப்பு டப்பா. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

1972-ஆம் ஆண்டு உணவுப்பொருள் சட்டத்தின் கீழ் 2012 டிசம்பரில் நீங்கள் கொண்டுவந்த ஆர் 991 விதிகள் பால்பவுடர் விளம்பரத்துக்குத் தடை போட்டன. நல்ல காரியம். தாய்ப்பால் விஷயத்தில் உங்களோடு எனக்குச் சண்டையே இல்லை. வெந்தயமும் பூண்டும் தின்று மூன்று பிள்ளைகளுக்குப் பால் கொடுத்தவள் நான். ஆனால் விளம்பரத்தோடு சேர்ந்து விவரமும் வாயை மூடிக்கொண்டது. கிளினிக்கில் கேட்டால், "பிராண்ட் பற்றிப் பேசக்கூடாது ஆன்ட்டி" என்று சிஸ்டர் கையை விரிக்கிறார். கடையிலோ திருட்டுக்குப் பயந்து டப்பாக்களைக் கண்ணாடி அலமாரியில் பூட்டி வைத்திருக்கிறார்கள். திருப்பிப் பார்க்கவே ஆளைக் கூப்பிட வேண்டும்.

தாய்ப்பாலுக்கு மாற்றாக விற்கும் பால்பவுடர் பற்றிய உலக சுகாதார அமைப்பின் 1981-ஆம் ஆண்டு நெறிமுறை, கம்பெனிகள் மருத்துவப் பணியாளர்களுக்குத் தருவது அறிவியல் சார்ந்த, உண்மையான விவரமாக மட்டும் இருக்க வேண்டும் என்கிறது. அப்படியானால் விவரம் டாக்டர் மேசை வரை வரலாம். பால் கலக்குகிற கைக்கு?

எல்லா டப்பாவும் ஒன்றுதான் என்பார்கள். கோடெக்ஸ் என்கிற சர்வதேச உணவுத் தரப்படி, பசும்பாலில் செய்த பவுடரில் 100 கிலோகலோரிக்கு 1.8 கிராம் புரதமும் இருக்கலாம், 3 கிராமும் இருக்கலாம், இரண்டும் சட்டப்படிதான். பாலில் உள்ள இரண்டு வகைப் புரதங்களான வே புரதமும் கேசீனும் தாய்ப்பாலில் ஏறக்குறைய 60-க்கு 40, பசும்பாலில் 20-க்கு 80. எங்கள் டப்பா எந்தப் பக்கம் என்று அதில் ஒரு வரி இல்லை.

இந்த நாட்டில் விற்கும் ஒவ்வொரு பால்பவுடருக்கும் உங்கள் இணையதளத்தில் ஒரு பக்கம் போடுங்கள். படம் வேண்டாம், புகழ்ச்சி வேண்டாம். என்னென்ன எண்ணெய், எந்தச் சர்க்கரை, புரதம் எந்த விகிதத்தில், சேர்மானம் எந்தத் தேதியில் மாறியது, அதற்கு முன் என்ன இருந்தது என்று இருந்தால் போதும். கிளினிக் சுவரில் அதன் அச்சுப்படி ஒன்று தொங்கட்டும். எல்லார் கைப்பேசியிலும் டேட்டா இருப்பதில்லை.

தகவல் பெறும் உரிமை தருகிற அரசியலமைப்பின் 32-ஆம் பிரிவு இருக்கிறது, 2000-ஆம் ஆண்டின் தகவல் அணுகல் சட்டம் இருக்கிறது, விண்ணப்பம் போடுங்கள் அத்தை என்கிறார் மருமகன். போடலாம். பதில் சொல்ல உங்களுக்கு 30 நாள் அவகாசம். எங்கள் வீட்டில் 900 கிராம் டப்பா ஒரு வாரம்தான் வரும். பதில் வருவதற்குள் நாலு டப்பா காலி.

பழைய டப்பாவை இன்னும் தூக்கிப் போடவில்லை. வேண்டுமென்றால் பருப்பைக் கொட்டிவிட்டுப் படமெடுத்து அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு பாட்டி