சிறை பிளிச்சிக்குப் போகட்டும், கூடவே பஸ்ஸும் போகட்டும்

கோவை மாநகராட்சி மேயர் அவர்களுக்கும், மாமன்ற உறுப்பினர்களுக்கும், மாவட்ட ஆட்சியருக்கும், பிளிச்சி ஊராட்சிப் பொறுப்பில் இருப்பவர்களுக்கும் வணக்கம்.

காந்திபுரம் மத்திய சிறையைக் காரமடை பக்கம் பிளிச்சிக்கு மாற்றுவது பற்றித்தான் இந்த மடல். மாற்றக் கூடாது என்று சொல்ல வரவில்லை. 1872-ல், வெள்ளைக்காரன் ஊருக்கு ஒதுக்குப்புறம் என்று நினைத்துக் கட்டிய இடம் இன்று ஊரின் நடு மண்டை. பழைய கட்டடத்துக்கு எத்தனை முறை சுண்ணாம்பு அடித்தாலும் அதன் வயது போகாது. புதுசு வேண்டும், கட்டுங்கள்.

சிறை மாநில அரசின் பொறுப்பு, எங்களிடம் ஏன் எழுதுகிறாய் என்று நீங்கள் கேட்கலாம். சட்டப்படி சரிதான், அரசமைப்பில் மாநிலப் பட்டியலில்தான் அது இருக்கிறது. பணமும் கோட்டையிலிருந்துதான் வருகிறது. ஆனால் சுவருக்கு வெளியே இருக்கிற எல்லாமே உங்கள் கையில்தானே? ரோடு, தெருவிளக்கு, குடிநீர், கழிவுநீர், பஸ் நிறுத்தம், காலியாகப் போகும் நிலத்தில் என்ன வரும் என்கிற பேச்சு, இவை எதுவும் சிறைத்துறை தனியாகச் செய்கிற வேலை இல்லை. நிலம் பற்றிய பேச்சில் மட்டும் எல்லோரும் ஆர்வமாக இருக்கிறீர்கள். சிறை வளாகம் 165 ஏக்கர். அதில் 45 ஏக்கரில் 208.50 கோடி ரூபாயில் செம்மொழிப் பூங்கா வந்து, 2025 நவம்பரில் திறந்தும் ஆயிற்று. 2010-ல் செம்மொழி மாநாட்டை ஒட்டிச் சொன்னது, நடந்து முடிந்தது, மகிழ்ச்சி. நானும் போய் ரோஜாத் தோட்டம் பார்த்துவிட்டு வந்தேன். ஆனால் பூங்கா திறந்த நாளிலும் மதிலுக்கு அந்தப் பக்கம் அதே பழைய சிறையில்தான் கைதிகள் இருந்தார்கள். புதிய சிறைக்கும் ஏறத்தாழ அதே அளவு தொகைதான், 200 கோடிக்கு மேல். இரண்டில் எது முதலில் முடிந்தது என்பதை நீங்களே பாருங்கள்.

நான் ஒரு வக்கீல் குமாஸ்தா. கோபாலபுரம் கோர்ட்டுக்கும் சிறைக்கும் நடுவில்தான் என் பிழைப்பு. அதனால் இந்த மாற்றத்தை ஏக்கர் கணக்கில் பார்க்க எனக்கு வரவில்லை, மணிக்கணக்கில்தான் பார்க்க முடிகிறது.

ஒருவருக்கு ஜாமீன் கிடைத்துவிட்டது என்று வையுங்கள். வீட்டில் உடனே பாயசம் வைக்கலாம் என்று நினைப்பார்கள். அப்படியெல்லாம் கதவு திறக்காது. இரண்டு ஜாமீன்தாரர்கள் வர வேண்டும். அவர்களுடைய ஆதார், வீட்டு வரி ரசீது, போட்டோ எல்லாம் சரியாக இருக்க வேண்டும். ஒருவர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் லீவு சொல்லிவிட்டு வருவார், இன்னொருவர் ரசீதை மறந்துவிட்டு வருவார். எல்லாம் தாக்கல் செய்து, அழைப்பு வந்து, கையெழுத்தாகி, விடுதலை உத்தரவு கைக்கு வரும்போது மணி நாலரை. அப்புறம் அந்தக் காகிதம் சிறைக்குப் போய்ச் சேர வேண்டும். மாலையில் கைதிகளை அறைக்குள் அடைப்பதற்கு முன்னால் போய்ச் சேர்ந்தால் மனுஷன் இன்றைக்கு வீட்டில் சாப்பிடுவான். தவறினால் இன்னொரு ராத்திரி உள்ளே. இப்போது கோர்ட்டிலிருந்து சிறை ஆட்டோவில் பத்து நிமிஷம், அதனால் பாதி நாட்கள் ஓடிப் பிடித்துவிடலாம். பிளிச்சி இருபது கிலோமீட்டருக்கு மேல். சாயங்காலம் ஐந்து மணிக்கு சாய்பாபா காலனி, கவுண்டம்பாளையம், துடியலூர் தாண்டி மேட்டுப்பாளையம் ரோட்டில் போயிருக்கிறீர்களா?

எல்லாம் ஆன்லைனில் ஆகிவிடும் என்பார்கள். 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், ஜாமீன் உத்தரவின் நகலை அன்றோ மறுநாளோ சிறைக் கண்காணிப்பாளர் வழியாகக் கைதிக்கு மின்னஞ்சலில் அனுப்பச் சொன்னது உண்மை. நல்ல உத்தரவு. ஆனால் அது ஜாமீன் கிடைத்த சேதிதான். ஜாமீன்தாரர்கள் கையெழுத்துப் போட்ட பிறகு வருகிற விடுதலை உத்தரவு வேறு காகிதம். அதுவும் அன்றைக்கே கோர்ட்டிலிருந்து நேராகச் சிறை அலுவலகத்துக்கு மின்னஞ்சலில் போக, அங்கே ஆறு மணி வரை அதைப் பார்க்க ஒரு ஆள் இருக்க, இப்போதே ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள். இதற்குச் செங்கல் சிமெண்ட் எதுவும் தேவையில்லை.

உள்ளே இருப்பவர்கள் எல்லாம் குற்றவாளிகள், அவர்களுக்காக ஏன் இவ்வளவு கவலை என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. 2022 முடிவில் இந்தியச் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். அதில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நாலில் மூன்று பேர் மேல் குற்றம் இன்னும் நிரூபணம் ஆகவில்லை. இவர்கள்தான் வாய்தாவுக்கு வாய்தா கோர்ட்டுக்குப் போய் வர வேண்டியவர்கள். காவல் நீட்டிப்புக்கு வீடியோவில் முகம் காட்டினால் போதும், சரி. சாட்சி விசாரணைக்கு ஆள் நேரில் நிற்பதுதான் முறை. அதற்கு வேன் வேண்டும், ஆயுதப்படையிலிருந்து எஸ்கார்ட் வேண்டும். ‘எஸ்கார்ட் இல்லை, ஆஜர்படுத்தவில்லை’ என்ற வாசகத்தை எந்த ஊர் கோர்ட்டிலும் கேட்கலாம். தூரம் கூடினால் அது இன்னும் அடிக்கடி கேட்கும்.

சென்னையைப் பாருங்கள். சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கத்தில் இருந்த, 1837 காலத்துச் சிறையை 2006-ல் புழலுக்குக் கொண்டுபோனார்கள். விசாரணைக் கைதிகளுக்கு, தண்டனைக் கைதிகளுக்கு, பெண்களுக்கு என்று தனித்தனியாகக் கட்டியது நல்ல விஷயம், அதை இங்கேயும் செய்ய வேண்டும். ஆனால் அங்கே வழக்கு எழும்பூரிலும் சைதாப்பேட்டையிலும் ஜார்ஜ் டவுனிலும், கைதி புழலில். பழைய கட்டடத்தை 2009-ல் பொதுமக்கள் ஒரு தடவை பார்க்கட்டும் என்று திறந்துவிட்டு, அப்புறம் இடித்தே போட்டார்கள். நம் சிறை வ.உ.சி. செக்கிழுத்த சிறை. 1908-லிருந்து 1910 வரை அவர் இங்கேதான் இருந்தார். அவர் பெயரில் பூங்காவும் மைதானமும் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு, அவர் கிடந்த இடத்தில் கை வைத்தால் ஊர் சிரிக்கும். இதை நீட்டி எழுதத் தேவையில்லை, உங்களுக்கே தெரியும்.

மனு பார்க்க, அதாவது மனுப் போட்டுக் கைதியைச் சந்திக்க, வருகிறவர்கள் கதைக்கு வருகிறேன். காலையில் டாக்டர் நஞ்சப்பா ரோட்டில் போனால் பார்க்கலாம். கட்டைப் பையில் மாற்றுத்துணி, குளியல் சோப்பு, பிஸ்கட் பொட்டலம், பிளாஸ்டிக் கவரில் ஆதார் நகல். பெரும்பாலும் அம்மாக்களும் மனைவிகளும்தான், இடுப்பில் ஒரு பிள்ளை. இப்போது வால்பாறையிலிருந்து வருகிற அம்மா பொள்ளாச்சியில் ஒரு பஸ், உக்கடத்தில் ஒரு பஸ் மாறிக் காந்திபுரம் வந்துவிடுகிறார். இனி இன்னும் ஒரு பஸ், மெயின் ரோட்டில் இறங்கி ஊருக்குள் இன்னும் கொஞ்ச தூரம். அவருக்கு அன்றைய கூலி போச்சு, பஸ் காசு போச்சு, பார்க்கும் நேரம் முடிவதற்குள் வந்து சேர்வாரா என்பதும் சந்தேகம். ஊட்டி, குன்னூர்க்காரர்களுக்கு மட்டும் இந்த மாற்றம் வசதி, மலை இறங்கினால் வழியிலேயே வந்துவிடும். அதை மறைக்க வேண்டியதில்லை. மற்றவர்கள் கதி?

சுவரும் கோபுரமும் ஒரு தடவை செலவு, அது பட்ஜெட்டில் வந்துவிடும். இந்தத் தூரத்தின் செலவு ஒவ்வொரு நாளும் வரும், அதை எந்தத் திட்ட மதிப்பீட்டிலும் எழுத மாட்டார்கள். எழுதாத செலவை அந்த அம்மாதான் கட்டுவார். அதனால் கேட்கிறேன்.

காந்திபுரத்திலிருந்தும் மேட்டுப்பாளையம் ரோடு பஸ் நிலையத்திலிருந்தும் சிறை வாசல் வரை போகிற டவுன் பஸ், சிறை திறக்கிற அன்றைக்கே ஓட வேண்டும். மகளிருக்குக் கட்டணமில்லாத சாதாரண பஸ்ஸாகவே இருக்கட்டும். மேட்டுப்பாளையம் பாசஞ்சர் ரயில் நேரத்துக்குப் பிளிச்சிக்குப் பக்கத்து ஸ்டேஷனிலிருந்து ஒரு இணைப்பு பஸ் விட்டால் இன்னும் நல்லது. வாசலில் நிழலும் தண்ணீரும் கழிப்பறையும் உள்ள காத்திருப்புக் கூடம் வேண்டும், மரத்தடி வேண்டாம். கழிவுநீர்ச் சுத்திகரிப்பைச் சிறைக்குள்ளேயே முடிக்க வேண்டும். இரண்டாயிரம் பேர் அளவுக்கு ஒரு குட்டி ஊரே வந்து இறங்கும்போது, அந்தத் தண்ணீர் பிளிச்சிக்காரர்கள் வாய்க்காலில் போகக் கூடாது. காவலர் குடும்பங்களும் வரும், அவர்கள் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் எங்கே என்று இப்போதே பார்க்க வேண்டும்.

சிறைத்துறை பெட்ரோல் பங்க்கும், கைதிகள் செய்த பொருட்களை விற்கும் சிறைச் சந்தையும் நகரத்திலேயே இருக்கட்டும். அந்த பங்க்கில் வேலை செய்கிற கைதிகளுக்கு அது சம்பளம், வெளியே போனதும் கையில் இருக்கிற ஒரே முன்னனுபவம். பிளிச்சியில் போய் யார் சட்டைத் துணி வாங்குவார்கள்?

கடைசியாக ஒன்று, கொஞ்சம் பெரிய ஆசைதான். சிறை போன பிறகு மீதி 120 ஏக்கரும் பூங்காவின் அடுத்த கட்டத்துக்கு என்கிறார்கள். அதில் ஐந்தே ஏக்கர் விடுங்கள். விசாரணை நடக்கும் வாரங்களில் கைதிகளைத் தங்கவைக்க ஒரு சிறிய விசாரணைச் சிறை, கோர்ட்டுக்குப் பக்கத்திலேயே. 115 ஏக்கரில் எவ்வளவு ரோஜா வேண்டுமானாலும் வையுங்கள், நானும் வந்து பார்க்கிறேன். அடுத்த மாமன்றக் கூட்டத்தில் இதை ஒரு தீர்மானமாகக் கொண்டுவந்து, உள்துறைக்கு அனுப்பிவையுங்கள். ஆட்சியர் அவர்கள் போக்குவரத்துக் கழகத்துக்குப் பஸ் வழித்தடத்துக்கான கடிதத்தை இந்த மாதமே எழுதினால் போதும், நாங்கள் அதன் நகலை வைத்துக்கொண்டு பின்னாலேயே நடப்போம்.

இப்படிக்கு,
ஒரு வக்கீல் குமாஸ்தா,
கோவை