சன்ஃபிஷ்ஷை ஏரியில் விடச் சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில், அயலகத் தமிழர் பக்கத்தில், வீட்டு மீன்தொட்டி பற்றி வெளியான கட்டுரையைப் படித்தேன். வட அமெரிக்காவில் வசிப்பவர்கள் கடையில் விற்கும் வெப்பமண்டல மீன்களையே நாடாமல், அந்த மண்ணுக்கே உரிய சன்ஃபிஷ் மீன்களை வளர்த்துப் பார்க்கலாம் என்று கட்டுரையாளர் எழுதியிருந்தது எனக்கு மிகுந்த மகிழ்ச்சியளித்தது. ஆனால், மீன் பெரிதாகித் தொட்டி போதாமல் போனால் பக்கத்து ஏரியில் விட்டுவிடலாம் என்று அவர் கடைசியில் சொல்லியிருப்பது தவறான யோசனை. நியூ ஜெர்சியில் 11 ஆண்டுகளாக இம்மீன்களை வளர்த்து வருபவன் என்ற முறையில், அந்த ஒரு வரிக்குத் திருத்தம் வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

கடலில் வாழும் பிரம்மாண்டமான சன்ஃபிஷ் வேறு, இது வேறு. புளூகில், பம்ப்கின்சீட் முதலிய இந்த நன்னீர் மீன்கள் சென்ட்ரார்க்கிடே என்னும் குடும்பத்தைச் சேர்ந்தவை. அக்குடும்பம் முழுவதற்கும் வட அமெரிக்காவின் ஆறுகளும் ஏரிகளும் குளங்களுமே பூர்வீகம். பக்கவாட்டில் தட்டையான அந்த உடலைப் பார்த்ததும் நம்மூர்க்காரர்கள் யாராயினும் "இது ஜிலேபிக் கெண்டை அல்லவா?" என்றுதான் கேட்பார்கள், நானும் அப்படித்தான் கேட்டேன். அந்த ஜிலேபியும் நம்மூர் மீன் அன்று, ஆப்பிரிக்காவிலிருந்து 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது என்பது எனக்குப் பல ஆண்டுகள் கழித்தே தெரிந்தது.

முதன்முதலில் நான் வளர்த்தவை பம்ப்கின்சீட் வகையில் விரல் நீளமே இருந்த இரண்டு குஞ்சுகள். கன்னத்தில் நீல நிறத்தில் நெளியும் கோடுகளும், செவுள் மூடியின் ஓரத்தில் காதுமடல்போல் நீண்ட கறுப்புப் பகுதியும், அதன் நுனியில் குங்குமப் பொட்டு வைத்ததுபோன்ற செம்புள்ளியுமாக, எந்த வெப்பமண்டல மீனுக்கும் அவை அழகில் குறைந்தவை அல்ல. தொட்டியில் நத்தையைப் போட்டால் வாயில் கவ்வித் தொண்டைக்குள் இருக்கும் பற்களால் நொறுக்கி, சதையை விழுங்கிவிட்டு ஓட்டுத் துணுக்குகளை மட்டும் துப்பும். இரண்டாம் ஆண்டு வசந்த காலத்தில் ஆண்மீன் வாலைத் தரையோடு சேர்த்து விசிறிக் கூழாங்கற்களை ஒதுக்கி, தொட்டியின் நடுவில் தட்டுப்போல் வட்டமாக ஒரு பள்ளம் பறித்தது. அது கூடு. இயற்கையில் அந்தக் கூட்டில் பெண்மீன் முட்டையிட்டுப் போனபின், முட்டைகளுக்குத் துடுப்பால் நீர் விசிறிக் காவல் காப்பது ஆண்மீன்தான். ஆனால் 150 லிட்டர் தொட்டியில், கூட்டைக் காக்க அது விரட்டும்போது மற்ற மீன் ஒதுங்குவதற்கு இடம் ஏது? ஒரே வாரத்தில் அந்த மற்ற மீனின் வால் கடிபட்டு நார்நாராகக் கிழிந்தது. மேல்மூலையில் வடிகட்டிக் குழாயின் பின்னால் ஒண்டியபடியே அது இறந்துபோனது. அது என் அறியாமையால் நேர்ந்த சாவு என்றே இன்றும் எண்ணுகிறேன். எஞ்சிய மீன் ஒரு சாண் அளவுக்கு வளர்ந்தபோது, பக்கத்து ஏரியில் விட்டுவிடலாம் என்ற எண்ணம் எனக்கும் வந்தது. இறுதியில் என் தொட்டியைப்போல் மூன்று மடங்கு பெரிய தொட்டி வைத்திருந்த நண்பரிடம் அதைக் கொடுத்தேன்.

பிடித்த குளத்திலேயே திருப்பி விட்டால் என்ன குற்றம் என்று சிலர் கேட்கிறார்கள். மாதக்கணக்கில் கடை மீன்களோடும் கடைச் செடிகளோடும் ஒரே நீரில் இருந்த மீன், அவற்றின் நோய்களையும் ஒட்டுண்ணிகளையும் தன்னோடு சுமந்துதான் குளத்துக்குத் திரும்பும். வேறு நீர்நிலையில் விட்டாலோ கேடு அதனினும் பெரிது. ஜப்பானின் அன்றைய பட்டத்து இளவரசர் அகிஹிடோ 1960இல் அமெரிக்கா வந்தபோது, சிகாகோ மேயர் அவருக்குப் புளூகில் மீன்களைப் பரிசளித்தார். மீனியல் ஆய்வில் ஈடுபாடுடைய இளவரசர், உணவுக்காக வளர்க்கப் பயன்படும் என்ற நல்லெண்ணத்தில் அவற்றை மீன்வள ஆய்வாளர்களிடம் ஒப்படைத்தார். அவை நாட்டின் நீர்நிலைகளில் பரவி, பிவா ஏரியின் சொந்த மீன்களுக்கும் அவற்றின் முட்டைகளுக்கும் எமனாயின. பேரரசரான பின் 2007இல் அவரே இதைக் குறித்துப் பொதுமேடையில் மனவேதனை தெரிவித்தார். ஐரோப்பாவில் பரவிவிட்ட பம்ப்கின்சீட்டை ஐரோப்பிய ஒன்றியம் 2019இல் ஊடுருவும் அயல் உயிரினப் பட்டியலில் சேர்த்தது. ஆகவே ஜெர்மனியிலும் பிரான்சிலும் வாழும் நம் வாசகர்கள் இம்மீனை வாங்கவோ வளர்க்கவோ கூடாது என்பதையும் திருத்தத்தில் சேர்த்தால் நன்று. தொட்டிக் கண்ணாடியைச் சுத்தம் செய்யும் என்று வாங்கி, வளர்ந்ததும் குளத்தில் விட்ட சக்கர் மீன் இன்று தமிழ்நாட்டு மீனவர்களின் வலையைக் கிழிப்பதைக் காணும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

வளர்க்க விரும்புவோருக்கு நான் சொல்வது இதுதான்: பம்ப்கின்சீட், புளூகில் போன்றவற்றை வளர்ப்பதாயின், 300 லிட்டருக்குக் குறையாத தொட்டியில் ஒற்றை மீனாக வளர்க்கலாம். அவ்வளவு இடமில்லாதவர்கள் புளூஸ்பாட்டட் சன்ஃபிஷ் என்னும் சிறு வகையை நாடலாம். ஒன்பது சென்டிமீட்டரைத் தாண்டி வளர்வது அரிது. 75 லிட்டர் தொட்டியில் நாலைந்தை வைக்கலாம். நியூ ஜெர்சியின் பைன் பேரன்ஸ் காட்டில், தேநீர் டிகாக்ஷன் நிறத்தில் நிற்கும் நீரில், அடர்ந்த பாசிகளுக்கிடையே வாழும் கூச்ச சுபாவமுள்ள மீன் அது. ஆகவே நிறையச் செடியும் மெதுவான நீரோட்டமும் வேண்டும், ஹீட்டர் வேண்டாம். குளிர்காலம் முழுவதும் சூடேற்றாத நிலவறையில் வைத்திருந்தால், வசந்தத்தில் ஆண்மீனின் உடலெங்கும் நீலப்புள்ளிகள் மின்மினிபோல் ஒளிரும். தொடக்கத்தில் உலர்தீவனத்தை ஏறெடுத்தும் பார்க்காது. டாப்னியா என்னும் உயிருள்ள சின்னஞ்சிறு நீர்ப்பூச்சிகளும் நறுக்கிய மண்புழுவும் கொடுத்துப் படிப்படியாகப் பழக்க வேண்டும்.

சட்டத்தையும் கட்டுரை தொடவே இல்லை. நியூ ஜெர்சியில் 16 வயது ஆனவர்கள் நன்னீரில் தூண்டில் போடவே உரிமம் பெற வேண்டும். பிடித்த மீனை உயிரோடு வீட்டில் வைத்திருப்பது பற்றிய விதி மாநிலத்துக்கு மாநிலம் மாறுபடும். பிளாக்பேண்டட் சன்ஃபிஷ் என்னும் அழகிய வகை வர்ஜீனியாவில் அழியும் நிலையிலுள்ள உயிரினமாகப் பாதுகாக்கப்படுகிறது. அதைத் தொடவே கூடாது. எனவே வலையை எடுப்பதற்கு முன் அந்தந்த மாநில வனவிலங்குத் துறையிடம் கேட்டறிவது அவசியம்.

ஜூன் இறுதியில் இங்கே பள்ளி விடுமுறை தொடங்கிவிடும். பிள்ளைகள் தூண்டிலும் வாளியுமாகக் குளக்கரைக்குப் போவதற்கு முன், அதே ஞாயிறு இணைப்பில், கட்டுரை வந்த அதே பக்கத்தில், இத்திருத்தத்தை வெளியிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
நியூ ஜெர்சி